முகத்தின் மூப்பும் அறுவை மருத்துவமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. முகம் அகத்தைக் காட்டுகிறதோ இல்லையோ, ஒருவருடைய வயதையும் உடல்நலத்தையும் உலகம் முகத்தைப் பார்த்தே கணித்துவிடுகிறது. வேலை தருவோரும், பெண் கொடுப்போரும், பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்வோரும் முதலில் காண்பது முகத்தையே. அந்தக் கணிப்பு பிழையாகிவிட்டால், அதன் துன்பத்தைச் சுமப்பவர் முகத்துக்குரியவரே ஆவார். தளர்ந்து தொங்கும் முகத்தோலை உயர்த்தித் தைக்கும் அறுவையை ஆங்கிலத்தில் ‘ஃபேஸ்லிஃப்ட்’ என்பர். அது திரைப்பட நடிகையருக்கும் செல்வர்க்கும் உரிய ஆடம்பரம் என்றே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் சித்தூருக்கு அண்மையில், கையில் காசில்லாத, ஊரால் ஒதுக்கப்பட்ட மக்களுக்காக அவ்வறுவை செய்யப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை அறிந்துகொண்டால், இன்று இவ்வறுவையை நாடுவோர்க்கும் நல்ல வழிகாட்டி ஒன்று கிடைக்கும்.

வேலூர், சித்தூர், திருப்பதி ஆகிய மூன்றும் 1911 வரை வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கியதும் சித்தூரே. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் மக்களின் போக்குவரவு மாறவில்லை. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியே திருப்பதிக்குச் செல்லும் ரயிலில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். வேங்கடவனைத் தரிசிக்க வடக்கு நோக்கிச் செல்வோரும், நோய் தீர வேண்டி வேலூர் மருத்துவமனையை நாடித் தெற்கு நோக்கி வருவோரும் அதே வழியில்தான் பயணம் செய்கின்றனர்.

இவ்வட்டாரத்தின் கதைக்குள் புகுமுன், முகம் ஏன் முதுமையடைகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மூப்பு என்றால் தோலில் விழும் சுருக்கம் என்றே பொதுவாகக் கருதுகிறோம். உண்மையில் முகத்தின் எல்லா அடுக்குகளிலும் அது நிகழ்கிறது. மேலே இருப்பது தோல். அதற்கு வலிமை தரும் கொலாஜன் இழைகளும், இழுத்தால் மீளும் தன்மை தரும் எலாஸ்டின் இழைகளும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்து சிதைகின்றன. வெயில் இச்சிதைவை விரைவுபடுத்துகிறது. சித்தூர்ச் சீமையின் நிலக்கடலைக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் நாள் முழுதும் உழைப்பவர் முகத்தில், நிழலில் வாழ்பவரைவிட முன்னதாகவே கோடுகள் விழுவதன் காரணம் இதுவே. கருநிறத் தோல் வெயிலின் கொடுமையை ஓரளவு தாங்கிக்கொள்ளும், முற்றும் தடுத்துவிடாது. புகைபிடித்தலும் தோலின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து மூப்பை முடுக்கும்.

தோலுக்குக் கீழே கொழுப்பு, சிறு சிறு பைகளாகப் பகுக்கப்பட்டு அமைந்திருக்கிறது. இளமையில் கன்னத்தைத் திரட்சியாகக் காட்டுவது அதுவே. வயதாக ஆக அது சில இடங்களில் வற்றும். சில இடங்களில் கீழ்நோக்கிச் சரியும். கண்ணின் கீழ்ப் பள்ளமும், மூக்கோரத்திலிருந்து கடைவாய் வரை இறங்கும் மடிப்பும், தாடையோரத்துத் தொங்கலும் இவ்வாறே தோன்றுகின்றன. கொழுப்பின் கீழே முகத்தசைகளோடு இணைந்த மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, அதுவும் தளர்கிறது. அனைத்துக்கும் அடியில் இருக்கும் எலும்பும் கரைந்து சிறுத்துப் போகிறது. கண்குழியின் விளிம்பு அகல்கிறது, மேல்தாடை பின்வாங்குகிறது, பற்கள் விழுந்துவிட்டால் தாடை மேலும் குறுகும். கூடாரத்தின் துணி நைவதோடு உள்ளே நிற்கும் கம்பமும் தாழ்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே முதிர்ந்த முகமும் ஆகிவிடுகிறது.

முகத்தைச் சீரமைக்கும் அறுவையின் வரலாறு பாரத நாட்டிலேயே தொடங்குகிறது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக்கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அதனைக் கன்னத்தில் வைத்து அளவெடுத்து, அத்தோலை அடிப்பகுதி அறாமல் உரித்துத் திருப்பிப் பொருத்த வேண்டும் என்பது அந்நூல் கூறும் வழி. பின்னாளில் கன்னத்துக்குப் பதிலாக நெற்றித் தோல் பயன்பட்டது. இக்கலையை மேல்நாட்டார் அறிவதற்குக் காரணமாயிருந்தது, சித்தூர் வட்டாரமும் கண்ட ஒரு போர்.

1791இன் தொடக்கத்தில் கார்ன்வாலிஸ் பிரபு திப்பு சுல்தான்மீது படையெடுத்தபோது, ஆம்பூர் வழியே செல்வதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பிச் சித்தூரை அடைந்து, முகிலிக் கணவாய் வழியே மைசூர் மேட்டு நிலத்தில் ஏறினார். 1792இல் முடிந்த அந்தப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் வீரர்களிடம் அகப்பட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அவர்கள் வெட்டிவிட்டனர். ஓராண்டுக்கும் மேலாக மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனாவுக்கு அருகில் செங்கல் அறுக்கும் குலத்தார் ஒருவர், நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். படத்துடன் கூடிய இச்செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மன்ஸ் மேகசீன்’ இதழில் வெளியாயிற்று. அதனைக் கற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அதே முறையைச் செய்து காட்டினார். ஐரோப்பாவில் முகச்சீரமைப்புக் கலை புத்துயிர் பெற்றது இவ்வாறே.

மூக்கை இழந்தவருக்கு மூக்கு அமைத்தல் ஒரு தேவை; முதிர்ந்த முகத்தை இளமையாக்குதல் வேறொரு விருப்பம். இரண்டாவது விருப்பம் இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் அறுவைக் கூடத்துக்குள் நுழைந்தது. பெர்லின் மருத்துவர் ஓய்கன் ஹொலெண்டர், 1901இல் ஒரு சீமாட்டியின் வேண்டுகோளுக்கு இணங்கிக் காதோரத்திலும் மயிரோரத்திலும் சிறு தோல் துண்டுகளை அகற்றித் தைத்ததாகப் பின்னர் எழுதினார். 1919இல் பாரிஸ் மருத்துவர் ரேமோன் பாஸோ இத்தகைய அறுவை பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தோலை மட்டும் இழுத்துத் தைத்த இவ்வறுவைகளின் பயன் நெடுநாள் நிலைக்கவில்லை. தோலுக்கு நீளும் இயல்பு உண்டன்றோ?

அக்காலத்தவருள் நாம் நினைவில் வைக்கத் தக்கவர், பாரிஸ் நகரத்துப் பெண் மருத்துவர் சுஸான் நோயெல். அழகு அறுவையின் சமுதாயப் பயன் பற்றி 1926இல் அவர் ஒரு நூல் எழுதினார். முகம் முதிர்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் வேலை இழக்கும் பெண்களை அவர் கண்டிருந்தார். அப்பெண்களுக்கு முகச்சுருக்கம் வயிற்றுப்பாட்டைத் தொடும் விஷயம். இவ்வறுவையை வீண் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை அவர் நூல் உணர்த்தியது. கால் நூற்றாண்டுக்குப் பின், பாரிஸுக்கு நெடுந்தொலைவில் உள்ள நம் வட ஆர்க்காட்டு மண்ணில் அதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது.

இங்கே முகத்தை முதிரச் செய்தது தொழுநோய். இந்நோயின் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். உடலில் குளிர்ந்திருக்கும் பகுதிகளையே அக்கிருமி விரும்பும். ஆகவே மூக்கு, செவிமடல், புருவம், கன்னம் ஆகியவை அதற்கு எளிதில் இரையாகும். நோய் முற்றும் வகையினர்க்கு முகத்தோல் தடித்துப் புடைக்கும். புருவ மயிர் உதிரும். மூக்கின் உட்சவ்வு புண்ணாகி, நடுத்தண்டின் குருத்தெலும்பு அழிந்து, மூக்கு அமுங்கிவிடும். முகத்து நரம்பு பழுதுபட்டால் இமைகள் மூடமாட்டா. மேல்தாடையின் முன்புறத்து எலும்பும் கரையும். டென்மார்க் நாட்டில் இடைக்காலத் தொழுநோய் விடுதியொன்றின் இடுகாட்டைத் தோண்டி ஆராய்ந்த மோலர்-கிறிஸ்டென்சன், பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தோரின் மண்டையோடுகளிலும் இந்த எலும்பு அழிவைக் கண்டார்.

1940களில் டாப்ஸோன் முதலிய சல்போன் மருந்துகள் வந்தபின் நோய் அடங்கத் தொடங்கியது. ஆனால் அதுவே ஒரு புதிய துயரத்தை வெளிப்படுத்திற்று. தடித்துப் புடைத்திருந்த முகத்தோலில் கிருமித் திரள் வற்றியபோது, எலாஸ்டின் இழைகள் முன்னமே அழிந்துவிட்டமையால் அத்தோல் பழைய நிலைக்குச் சுருங்கவில்லை. காற்றுப் போன பைபோல் மடிமடியாகத் தொங்கிற்று. இருபத்தைந்து வயது இளைஞர் அறுபது வயதுக் கிழவர்போல் காட்சி தந்தார். மூப்பு எந்தெந்த அடுக்குகளை நாற்பது ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தாக்குமோ, அவற்றையெல்லாம் இந்நோய் சில ஆண்டுகளில் தாக்கிவிட்டது. நோய் நீங்கியது, அதன் அடையாளம் முகத்தில் நின்றது. அவரிடமிருந்து இனி எவருக்கும் தொற்றாது என்று மருத்துவர் சான்று தரலாம். புருவமற்ற, சுருங்கிய முகத்தைக் கண்டவர்கள் அச்சான்றைப் படிக்கக் காத்திருக்கவில்லை.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டை அடுத்த திருமணித் தொழுநோய் மருத்துவமனையில் முடங்கிய விரல்களைக் கண்டு, அவற்றைச் சீராக்கும் முயற்சியில் இறங்கினார். 1948 முதல் கை அறுவைகள் நடைபெற்றன. தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தியதால் மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. ஆயினும் கை குணமான சிலர் மகிழ்ச்சியின்றித் திரும்பி வந்ததைப் பிராண்ட் பதிவு செய்துள்ளார். கை முடங்கியிருந்தபோது கிடைத்த பிச்சையும் இப்போது குறைந்துவிட்டது. வேலையோ எவரும் தரவில்லை. காரணம், முகம் இன்னும் பழைய முகமாகவே இருந்தது. 1951இல் அவர் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையம் இவர்களுக்குத் தொழில் கற்பித்தது. 1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. கைக்கும் காலுக்கும் செய்த அறுவைகளோடு முகத்துக்கும் அறுவை செய்வது இந்நிலையங்களில் இன்றியமையாத பணியாயிற்று.

அவ்வறுவைகளுள் சிலவற்றைக் காண்போம். அமுங்கிய மூக்கை வெளியே கீறாமல், மேலுதட்டின் உட்புறத்தில் கீறி, ஒட்டிச் சுருங்கிய உட்புறத்தை விடுவித்து, தொடையிலிருந்து எடுத்த தோலை உள்ளே ஒட்டி, மூக்கை மீண்டும் நிமிர்த்தினர். இது முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களைச் சீரமைத்த ஹெரால்டு கில்லீஸ் கண்ட முறையைத் தழுவியது. மூடாத இமைக்கு, நெற்றிப் பொட்டிலிருந்து மெல்லுதலுக்கு உதவும் தசையின் ஒரு கீற்றைப் பிரித்து இமைகளைச் சுற்றிப் பொருத்தினர். பல்லைக் கடித்தால் கண் மூடும். பயிற்சியால் அது பழக்கமாகும். பார்வையும் இவ்வாறு காக்கப்பட்டது. புருவத்துக்கு, தலையின் பக்கத்திலிருந்து மயிருடன் கூடிய தோற்கீற்றை இரத்தக் குழாயோடு நகர்த்தி வைத்தனர். அம்மயிர் தன் பிறந்த இயல்பை மறவாமல் தலைமயிர்போல் நீண்டு வளரும். ஆகவே அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். திருமலையில் தலைமுடியைக் காணிக்கையாகக் கொடுத்து மனநிறைவு பெறும் மக்கள் வாழும் அதே வட்டாரத்தில், ஒரு விரல் அகலத் தலைமுடியைப் புருவத்தில் பெற்றுத் தலைநிமிர்ந்தவர்களும் இருந்தார்கள்.

தொங்கிய கன்னத்துக்குச் செய்யப்பட்டதே ‘ஃபேஸ்லிஃப்ட்’. காதின் முன்புறம் கீறி, கன்னத் தோலைக் கீழிருந்து பிரித்து, மேலும் பின்னுமாக இழுத்து, மிஞ்சியதை நறுக்கித் தைத்தனர். முகத்தின் நடுப்பகுதியில் தொங்கல் மிகுந்தவர்க்கு, மூக்கோரத்து மடிப்பிலேயே கீறி மிகுதித் தோலை எடுத்தனர். வடு இயற்கையான மடிப்பில் மறைந்துவிடும். நீண்டு தொங்கிய செவிமடல்களையும் சிறிதாக்கினர். நோய் அடங்கிய பின்னரே இவற்றைச் செய்வது விதி. பம்பாயில் கில்லீஸின் மாணவரான நோஷிர் ஆந்தியா இத்துறையில் பெரும்பணி ஆற்றினார். தொழுநோயில் முகத்தைச் சீரமைத்தல் பற்றிய அவருடைய விரிவுரை 1963இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் கல்லூரி ஏட்டில் வெளிவந்தது. கரிகிரியில் பணியாற்றிய எர்னஸ்ட் ஃபிரிட்சி எழுதிய தொழுநோய்ச் சீரமைப்பு அறுவை நூல் 1971இல் வெளியாயிற்று.

இழந்ததை மீட்டு இயல்புநிலைக்குக் கொணர்வது சீரமைப்பு அறுவை என்றும், இயல்பையும் விஞ்ச முயல்வது அழகு அறுவை என்றும் கில்லீஸின் பெயரால் ஒரு பாகுபாடு வழங்குகிறது. வட ஆர்க்காட்டு வரலாறு இப்பாகுபாட்டைச் சற்றே திருத்துகிறது. கத்தியும் கீறலும் தையலும் ஒன்றே. பாரிஸில் சீமாட்டிக்குச் செய்தால் அழகு அறுவை. கரிகிரியில் உழவருக்குச் செய்தால் சீரமைப்பு அறுவை. ஆகவே அறுவையின் பெயரைக்கொண்டு அது தேவையா ஆடம்பரமா என்று தீர்ப்புக் கூறிவிட இயலாது. அது அந்த மனிதருக்கு எதனைத் திருப்பித் தருகிறது என்றே கேட்க வேண்டும்.

அதன்பின் இரு துறைகளிலும் மாறுதல் வந்தது. 1980களில் கூட்டு மருந்து முறை பரவியதால், தொடக்கத்திலேயே நோய் கண்டறியப்பட்டவர்க்கு முகம் கெடும் நிலை அரிதாயிற்று. தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005இன் இறுதியில் எட்டியது. ஆயினும் நோய் அற்றுப்போகவில்லை. இன்றும் ஆண்டுதோறும் 1 லட்சம் அளவில் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. மருந்து ஓராண்டில் செய்வதைச் சமுதாயம் செய்து முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதற்கு இது சான்று.

அழகு அறுவைத் துறையில், தோலை மட்டும் இழுத்தல் போதாது என்பது தெளிவாயிற்று. ஸ்வீடன் மருத்துவர் ஸ்கூக் 1974இல் ஆழமான அடுக்கையும் சேர்த்து உயர்த்தும் முறையை எழுதினார். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர் தோலடித் தசைச்சவ்வின் அமைப்பை விளக்கினர். 1990இல் அமெரிக்க மருத்துவர் ஹாம்ரா அச்சவ்வின் கீழே சென்று முழுப் படலத்தையும் நகர்த்தும் முறையை வெளியிட்டார். இன்று சென்னை போன்ற பெருநகரங்களில் இவ்வறுவைகள் நடைபெறுகின்றன. கன்னமும் தாடையும் தொங்கினால் சவ்வை உயர்த்தும் அறுவை. கழுத்து மட்டும் தளர்ந்தால் கழுத்தறுவை. இமை தொங்கினால் இமையறுவை. கன்னம் வற்றினால் உடலின் வேறிடத்துக் கொழுப்பை எடுத்து நிரப்புதல். நெற்றிக் கோடுகளுக்குத் தசையைச் சில மாதங்கள் தளர்த்தும் ஊசிமருந்து என வழிகள் பல. தளர்ந்தது எந்த அடுக்கு என்று அறியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் பணமும் முகமும் வீணாகும்.

எந்த அறுவையும் மூப்பை நிறுத்துவதில்லை. சில ஆண்டுகள் பின்னே தள்ளி வைக்கிறது. மறுநாள் முதல் காலம் தன் நடையைத் தொடர்கிறது. தோலின் கீழ் இரத்தம் கட்டுதல், முகத்து நரம்பு ஊறுபடுதல், புகைபிடிப்போர்க்குத் தோல் அழுகுதல் ஆகிய இடர்கள் உண்டு. நம்மவர் தோலில் வடு தடித்து எழுவதும், அவ்விடம் கறுப்பதும் பிறரைவிட மிகுதி. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். தகுதி பெற்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவரா என்று கேட்டறிவதில் கூச்சம் வேண்டியதில்லை. வெயிலில் தலைக்கு முண்டாசும் குடையும், புகையை விலக்கலும், பற்களைப் பேணலும் கத்தியில்லாத காப்புகள், ஏழைக்கும் எட்டும்.

அறுவையை நாடுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த முகம் நம்மை எதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது? கரிகிரியில் படுக்கையில் கிடந்த இளைஞரிடம் அதற்குத் தெளிவான விடை இருந்தது. அவர் விரும்பியது கடைத்தெருவில் நடக்கவும், பேருந்தில் ஏறவும், சொந்த வீட்டுத் திண்ணையில் அமரவும் தடையில்லாத ஒரு முகம். அத்தகைய விடை நம்மிடமும் இருந்தால், அறுவை ஆடம்பரமாகாது. விடை ஒன்றும் தோன்றாவிட்டால், கண்ணாடியின் முன் இன்னும் சிறிது காலம் பொறுத்திருப்பதில் இழப்பில்லை. பிறர் முகத்தை நோக்கும்போது நமக்கும் ஒரு கடமை உண்டு. சுருங்கிய முகத்தைக் கண்டு விலகாத கண்கள் ஊரில் பெருகுமானால், அறுவை மருத்துவர் செய்ய வேண்டிய பணியில் ஒரு பகுதியை நாமே செய்தவர்களாவோம்.